சாரல் விழுந்ததும் கட்டுவோம்

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் கூடிப்போனதால் காலை ஏழு மணிக்கே குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அருவியில் தடை விழுந்தால், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்களுக்கு வேலை இல்லை. நான் பகலில் பில் போடும் லாட்ஜின் வராந்தாவில் ஆறேழு பேர் தோளில் துண்டோடு உட்கார்ந்து, போலீஸ் எப்போது கயிற்றை அவிழ்ப்பார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாடன் அண்ணாச்சி மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் காலடியில் வைத்துவிட்டு, மடித்த ஒரு தாளை எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார். கடைசியில் எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"சமீர் தம்பி, நீ ராத்திரி கணக்குப் படிக்கப் போறேல்லா. இது என்னன்னு பாரு."

தென்காசியில் ஒரு வங்கி கொடுத்த தாள். வீட்டுக்கடன் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று இரண்டே வரி. அங்கிருந்த மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, கிரெடிட் ஸ்கோர் ஐந்நூற்று எழுபத்தொன்று, எழுநூற்றைம்பதாவது இருக்க வேண்டும் என்று சொன்னாளாம். அதற்கு மேல் கேட்க அவருக்குக் கூச்சம்.

அவர் வாங்க நினைத்த வீடு மேலகரத்தில் இருக்கிறது. ஓடு போட்ட மூன்று அறை, பின்னால் கிணறு. பதின்மூன்று வருடமாக அண்ணாச்சியும் அவர் மனைவி முத்துச்செல்வி அக்காவும் அதில் வாடகைக்கு இருக்கிறார்கள். உரிமையாளர் வைத்தீஸ்வரன் சென்னைக்குப் போய்ப் பல வருடமாகிறது. விற்பதென்று முடிவானதும் முதல் உரிமை உங்களுக்குத்தான், ஆவணி பிறந்தால் வேறு ஆளுக்குப் பேசிவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தார். பதினொரு லட்சம். கையிலும் நகையிலுமாக நான்கு இருந்தது. மீதி ஏழுக்குத்தான் வங்கி.

"எனக்கு எவன்ட்டயும் ஒத்த ரூவா கடன் கிடையாது தம்பி. பின்ன எப்படி மார்க் கொறஞ்சுது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை போகிற மார்க் அது. வாங்கின கடனைத் தேதிக்குக் கட்டினோமா என்று பார்த்துப் போடுவது. எவ்வளவு சம்பாதிக்கிறோம், யாரிடம் நல்ல பேர் எடுத்தோம் என்பதெல்லாம் அதில் வராது. முழு அறிக்கையையும் வருடத்துக்கு ஒரு தடவை காசில்லாமல் வாங்கிப் பார்க்கலாம். போன வாரம்தான் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரப் படிப்பை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறோமே என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போகிற வழியில் அவர் வீட்டில் இறங்கினேன். முன்னறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முத்துச்செல்வி அக்கா இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு லாட்ஜுகளுக்கும் கடைகளுக்கும் கொடுக்கிறவர். கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையில் மாவோடு எனக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டார். பான் கார்டு எதற்கு, பிறந்த தேதி எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. எண்களையெல்லாம் போட்டு முடித்து, அண்ணாச்சியின் போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றேன். அண்ணாச்சி போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஓடிபிய எவன் கேட்டாலும் சொல்லாதன்னு தெனம் போன்லயே சொல்லுதான். நீ கேக்க."

"அவரே போடட்டும்," என்றார் அக்கா. "நீங்க சொல்லாதீங்க. போனை இங்கன வச்சு நீங்களே அமுக்குங்க."

என் போனை வாங்கி, எண்ணெய் ஏறிய கட்டைவிரலால் அவரே ஆறு எண்களையும் அமுக்கினார். இரண்டு தடவை தப்பிப் போய் மூன்றாவது தடவை திறந்தது. இப்படிப் பார்த்தால் மார்க் இன்னும் இறங்குமா என்று அக்கா கேட்டார். நம்முடையதை நாமே பார்த்தால் இறங்காது என்று சொன்னேன். உறுதியாகத்தான் சொன்னேன். ஆனால் ராத்திரி வகுப்பில் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

அறிக்கையில் ஒரே ஒரு கடன் இருந்தது. அறுபத்தோராயிரத்து இருநூறு ரூபாய். கொடுத்தது மும்பை முகவரியுள்ள ஒரு நிறுவனம். பெயரை மெதுவாக இரண்டு தடவை வாசித்தேன். அண்ணாச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். கேள்விப்பட்டதே இல்லை. கீழே மாதாமாதம் ஒரு கட்டம், சில கட்டங்கள் பச்சை, சில சிவப்பு. சிவப்புக் கட்டங்களில் ஐம்பத்து நான்கு, எண்பத்து நான்கு, நூற்றுப் பதினைந்து என்று எண்கள். தவணை தவறி எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்பதுதான் அந்த எண் என்றேன்.

அதற்குப் பிறகு நான் சொன்ன வாக்கியத்தை அன்றைய நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "உங்க ஆதார், பான் ஜெராக்ஸ் வச்சு வேற யாராவது எடுத்திருக்கலாம் அண்ணாச்சி. அப்படி நடக்கும்னு சொல்லுதாங்க." எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன்.

 அண்ணாச்சி அக்காவிடம் கேட்டார்.

"ரத்தினம் சிம்மு வாங்கணும்னு என் ஜெராக்ஸ் வாங்கிட்டுப் போனாம்லா?"

ரத்தினம் அக்காவின் தம்பி. ஆய்க்குடியில் இருக்கிறார். சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அது மூன்று வருஷத்துக்கு முந்தின கதை, ஒரு சிம்முக்குத்தானே என்று அக்கா சொன்னார். அண்ணாச்சி விடவில்லை. ஒரு சிம்முக்கு இரண்டு ஜெராக்ஸ் எதற்கு, கையில் காசே இல்லாமல் கிடந்தவன் திடீரென்று லோடு ஆட்டோவுக்கு எப்படி முன்பணம் கட்டினான் என்று அடுக்கிக்கொண்டே போனார். அக்கா கிரைண்டரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் பேச்சு நின்றது. லோடு ஆட்டோ என்றதும் அக்கா முகம் ஒரு கணம் மாறினது எனக்குத் தெரிந்தது. அதையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாரல் நன்றாக இருந்தது, தடையும் இல்லை. வருடத்தில் அப்படி எட்டு ஞாயிறுதான் வரும். ஒரு ஞாயிறுக்கு அண்ணாச்சி பதினைந்து பேருக்காவது தேய்த்துவிடுவார். அன்று அவர் அருவிப் பக்கமே வரவில்லை. ஆய்க்குடிக்குப் போய் ரத்தினத்தைக் கோயில் தெருவில் வைத்துக் களவாணி என்று சொல்லிவிட்டு வந்ததாக, அவருக்குப் பக்கத்துக் கல்லில் எண்ணெய் தேய்க்கிறவர் லாட்ஜில் வந்து சொன்னார். ரத்தினம் மறுத்துப் பேசவில்லையாம். லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர் அத்தனை பேருக்கு முன்னாலும் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, "அக்காட்ட கேட்டுட்டு வந்து பேசுங்க அத்தான்" என்று மட்டும் சொன்னாராம். அதை அண்ணாச்சி, இரண்டு பேரும் கூட்டு என்று புரிந்துகொண்டார். அன்று ராத்திரி அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

எனக்கு வேலை ஓடவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அந்தச் சிவப்பு எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு மண்டையில் ஏறும். இரண்டாயிரத்து இருபத்து மூன்று: பிப்ரவரியில் இருபத்து மூன்று, மார்ச்சில் ஐம்பத்து நான்கு, ஏப்ரலில் எண்பத்து நான்கு, மே மாதம் நூற்றுப் பதினைந்து. ஜூனில் பூஜ்யம். அதிலிருந்து ஜனவரி வரை பூஜ்யம். அடுத்த வருடம் திரும்பவும் பிப்ரவரியில் தொடக்கம். ஆனால் இருபத்து நான்கு, ஐம்பத்தைந்து, எண்பத்தைந்து, நூற்றுப் பதினாறு. எல்லாவற்றிலும் ஒவ்வொரு நாள் கூட. இந்த வருடம் பழையபடி இருபத்து மூன்று.

அந்த ஒரு நாளில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நடு வருடத்தில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். மாதக் கடைசி வரை எண்ணினால், மூன்று வருடமும் தவறத் தொடங்கினது ஒரே இடத்தில்தான், பிப்ரவரி ஐந்தாம் தேதித் தவணையில். மூன்று வருடமும் ஜூனில் பாக்கியெல்லாம் மொத்தமாகக் கட்டியாகிவிட்டது. களவு செய்து கடன் எடுத்தவன் எதற்கு வருடா வருடம் ஜூனில் வந்து கட்டுகிறான்?

லாட்ஜ் ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பிப்ரவரி முதல் மே வரை எங்கள் அறைகளும் காலி. அருவியில் பாறைதான் தெரியும். ஜூனில் தென்மேற்குக் காற்று வந்து முதல் சாரல் விழும். அண்ணாச்சி கைக்குப் பணம் வருவதும் அப்போதுதான்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டு, தவணை கட்டுவதாக எபனேசர் பைனான்ஸ் என்று ஒன்று சொல்வீர்களே, அதில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். அண்ணாச்சியின் மொபெட் என்றார். அந்தத் தெருவே அதை எபனேசர் பைனான்ஸ் என்றுதான் சொல்லும். வசூலுக்கு வருகிறவர் பெயர்தான் எபனேசர். கம்பெனிக்கு வேறு பெயர் இருக்கும் என்று ஒருவரும் யோசித்ததில்லை. மொபெட் தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். அதே மும்பைப் பெயர். அதே அறுபத்தோராயிரத்து இருநூறு. மறுமுனையில் கிரைண்டர் சத்தம் நின்றது.

எபனேசரைத் தென்காசிப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் பிடித்தேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுக்குக் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். நான் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தவர், என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். நம்பினதாகத் தெரியவில்லை.

"மாடன் அண்ணன் என்னைய ஒரு நாளும் ஏமாத்துனதில்ல தம்பி. சீசன் பணம் தைப்பொங்கல் வரைக்கும் வரும் அவாளுக்கு. பெறவு தண்ணி இல்ல, தொழில் இல்ல. கார்த்திகைல கூட்டம் வருதேன்னு எங்க ஆபீஸ்லயும் கேப்பான். ஐயப்பனுக்கு மால போட்டவன் எண்ணெய் தொடுவானா? அப்படித்தான் நானே சொன்னேன், சாரல் விழுந்ததும் மொத்தமா கட்டிருங்க, வண்டிய எடுக்க விடமாட்டேன்னு. ஆனில லேட் சார்ஜோட கொண்டாந்து எண்ணி வச்சிருவாவ."

"இது மார்க்குல ஏறும்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?"

அவர் காப்பியை முடித்தார். "வண்டிய எடுக்காம வச்சிருந்தனே, அது பெருசா, இது பெருசா," என்றார். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. போகும்போது, குற்றாலத்தில் தன்னிடம் இன்னும் ஒன்பது பேர் இதே மாதிரி கட்டுகிறார்கள் என்று அவராகவே சொன்னார்.

வகுப்பை விட்டுவிட்டு மேலகரத்துக்குப் போனேன். அண்ணாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாளைத் தரையில் விரித்து, எண்களையும் மாதங்களையும் காட்டினேன். இடையிடையே, யாரோ எடுத்திருக்கலாம் என்று நான் அன்று சொன்னது தப்பு என்பதையும் இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. இந்த வருடத்து வரிசையில் விரலை வைத்தார்.

"இந்த வருசம் ஒரே தவணதானே பாக்கி? கடைசித் தவண. அதுவா நூத்திப் பதினஞ்சு நாளு?"

ஆமாம் என்றேன். இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

முத்துச்செல்வி அக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து நடுவில் வைத்தார்.

"அந்தப் பணம் மாசிலயே இதுல கெடந்துது. நாந்தான் எடுத்து வச்சேன். மளிக, பாலு, பைனான்ஸு, எல்லாக் கணக்கையும் சாரல் அன்னிக்குத்தான முடிப்போம். அன்னிக்கே முடிச்சுக்கிடலாம்னு மூடி வச்சிட்டேன்."

அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான். முதல் சாரல் விழுந்த அன்றோ மறுநாளோ எண்ணெய் தேய்க்கிறவர்கள் வீட்டிலிருந்து கடைக்காரர்களுக்கு ஆள் போகும். அதற்கு முன்னால் கொடுத்தால் கடைக்காரரே, "என்ன அவசரம்" என்பார். பணம் நான்கு மாதம் டப்பாவில் கிடந்தது. மார்க் அங்கே நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது என்ன செய்வது என்று அண்ணாச்சி கேட்டார். அவர் மார்க் ஏற மாதக்கணக்கில் ஆகும், ஆவணிக்குள் நடக்காது. தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டர்காரன் மூவாயிரம் கொடுத்தால் ஏற்றித் தருவதாகச் சொல்கிறான், அது ஏமாற்று என்றேன். பிறகு, அக்காவுடையதைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். மாவுத் தொழில் பணம் அவர் பாஸ்புக்கில்தான் வருகிறது. மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்கும்.

அக்கா உடனே வேண்டாம் என்றார். நேரமாகிவிட்டது, பான் கார்டு எங்கே கிடக்கிறதோ என்றார். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். நான்கு நாளாக அந்த முகத்தில் இருந்த பார்வை திரும்ப வந்துவிட்டது.

"ஏன், பாத்தா என்ன?"

 அக்கா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பான் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

எழுநூற்று அறுபத்தெட்டு. அக்காவின் மார்க்கை முதலில் நான் மட்டும்தான் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தவன், கண் கீழ் வரிகளுக்குப் போனதும் நிறுத்திவிட்டேன். மூன்று கடன். கிரைண்டருக்கு வாங்கின இரண்டும் முடிந்துவிட்டன. மூன்றாவது அறுபதாயிரம், ஒன்றரை வருடமாக ஓடுகிறது. எல்லாக் கட்டமும் பூஜ்யம். ஒரு சிவப்பு கூட இல்லை. இதை வாசிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. வாசித்தால் ஒரு சண்டை, மறைத்தால் இன்னொரு சந்தேகம்.

"தம்பிட்ட கேக்காதீங்க," என்றார் அக்கா. "நானே சொல்லுதேன். மூணாவது நம்ம வீட்டுக்கு இல்ல. ரத்தினத்துக்கு. ஆட்டோ முன்பணத்துக்குக் குழுவுல என் பேர்ல எடுத்துக் குடுத்தேன். ஒங்ககிட்ட சொன்னா, கட்டலன்னா குழுக்காரங்க வாசல்ல வந்து உக்காருவாங்கம்பீங்க. அதான் சொல்லல."

அண்ணாச்சி பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கையில் எடுத்தார்.

"களவாணின்னு சொல்லிட்டு வந்தீங்கள்லா. அந்தக் களவாணிதான் செவ்வாக்கிழம செவ்வாக்கிழம ஒம்பதரைக்கு வந்து எழுநூத்தி எம்பது ரூவாயக் குடுத்துட்டுப் போறான். சீசன்ல நீங்க அஞ்சு மணிக்கே அருவிக்குப் போயிருவீங்க, மத்த மாசம் தெருமுனைலயே குடுத்துருவான், ஒங்களுக்குத் தெரியாது. எழுபத்தோரு வாரம். அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்த வாரமும் வந்தான்."

நான் மெதுவாக அக்காவின் மார்க்கைச் சொன்னேன். இந்த மார்க்குக்கு வங்கி விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும், கடன் தருவார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அண்ணாச்சி கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாளைக்கே அக்கா பேரில் ஃபாரம் வாங்கி வருவோமா என்று பொதுவாகக் கேட்டார்.

"வாங்கிட்டு வாங்க. என் தம்பி இந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்து சாப்பிட்ட பெறவுதான் நான் கையெழுத்துப் போடுவேன். அதுக்கு முன்ன ஆவணி வந்தா வரட்டும்."

மறுநாள் செவ்வாய். லாட்ஜுக்குப் போகிற வழியில் அந்தத் தெருவுக்குள் போனேன். உடம்பு சரியில்லை, வேலைக்கு அரைமணி தாமதமாகும் என்று முதலாளியிடம் பொய் சொல்லியிருந்தேன். சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது, அருவியில் தடை இல்லை. அண்ணாச்சி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். லாட்ஜ்களிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

ஒன்பதரை ஆயிற்று. தெருவில் யாரும் வரவில்லை. ஒன்பது நாற்பத்தைந்துக்கு அக்கா மாவு விற்ற பணத்திலிருந்து எழுநூற்று எண்பதை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, குழுவுக்குப் போகச் செருப்பைப் போட்டார். அவர் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. அப்போதுதான் தெருமுனையில் லோடு ஆட்டோ வந்து நின்றது.

ரத்தினம் படியேறவில்லை. அண்ணாச்சி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமல், சுற்றுச்சுவருக்கு மேலாகப் பணத்தை நீட்டினார்.

"எண்ணிக்கோக்கா. களவாணி கைப் பணம்."

அக்கா வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி எழுந்தார்.

"மாப்ள. நான் நெனச்சது தப்பு. உள்ள வாரும்."

"லோடு நிக்கி அத்தான். மாங்கா. நாழியானா அழுகிரும்."

"எங்க எறக்கணும்?"

"செங்கோட்ட."

ரத்தினம் நடந்துவிட்டார். அண்ணாச்சி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ஆட்டோவின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, கேட்காமலே ஏறி உட்கார்ந்தார். ரத்தினம் சாவியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கச் சொல்வாரோ என்று நினைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. சீசன் நாளில், தடை இல்லாத காலையில், மாடன் அண்ணாச்சி மாங்காய்ப் பெட்டி இறக்கப் போனதை லாட்ஜில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

சாயங்காலம் ஃபாரத்தோடு நான் போனபோது லோடு ஆட்டோ வாசலிலேயே நின்றது. உள்ளே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.  ரத்தினத்தின் தட்டு காலியானதும், அண்ணாச்சி சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தார். ரத்தினம் வேண்டாம் என்று கையை மறித்தார். அண்ணாச்சி சட்டியை எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து ரத்தினமே இரண்டு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அந்தச் சோற்றையும் தின்று முடித்து, கிணற்றடிக்குப் போய்க் கைகழுவி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து திரும்ப உட்கார்கிற வரைக்கும் பொறுத்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"எங்கன போடணும்னு காட்டு தம்பி," என்றார்.